சைக்கிளும் மனப்பாட ஆங்கிலமும்

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடக்கும். சைக்கிள் பற்றியும் அதில் கேட்பதுண்டு: எப்போது ஓட்டக் கற்றீர்கள், உங்கள் ஊரில் பலரும் ஓட்டுகிறார்களா? மதுரையில் இதற்குப் பயிலும் மாணவர்கள் பலரிடமும் ஒரே விடைதான். சைக்கிள் சுற்றுச்சூழலைக் காக்கும், உடலுக்கு நல்லது.

இவர்களில் பலர் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குச் சென்றவர்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. அந்தச் சைக்கிள் இவர்களது விடையில் வருவதே இல்லை. இலவசமாகக் கிடைத்ததைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற கூச்சமே காரணம் என்று நினைக்கிறேன்.

கூச்சத்துக்கு இதில் என்ன இருக்கிறது? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. வெளியே செல்ல இன்னொருவர் துணையை எதிர்பார்த்திருந்த பெண்கள் தாமாகவே சென்று வரத் தொடங்கினார்கள். உடற்பயிற்சி என்ற ஒரு சொல்லில் இவ்வரலாறு அடங்குமா?

தேர்வில் மதிப்பிடப்படுபவை நான்கு: தங்குதடையற்ற கோர்வையான பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. கருத்தின் உயர்வு தாழ்வுக்கு மதிப்பெண் இல்லை. மனப்பாடமோ எளிதில் பிடிபட்டுவிடும். குரங்குப் பெடலுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் தேடித் திகைக்க வேண்டாம். சீட்டுக்கு எட்டாத சிறுவன் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து மிதித்தான் என்று விளக்கினால் போதும். அப்படி விளக்கத் தெரிவதும் சொல்வளம்தான்.

அயல்மொழி கற்பதற்குத் தன் வாழ்வை மறைக்க வேண்டியதில்லை. இதைப் பயிற்சி வகுப்புகள் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.