மொட்டை மாடியில் ஒரு ஜீவன்

கத்திரி வெயில் வந்தால் பலருக்கு வற்றல், வடகம் ஞாபகம் வரும். எனக்கு மொட்டை மாடி நாய்கள்தான் ஞாபகம் வருகின்றன. "காவலுக்குத்தானே வாங்கினோம், மாடியிலே கிடக்கட்டும்" என்று சங்கிலியில் கட்டிவிட்டு, கீழே மின்விசிறிக்கடியில் படுத்துக் கொள்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல!

வடகம் எடுக்க வெறுங்காலோடு போனால் நாம் துள்ளிக் குதிக்கிறோம். அதே தளத்தில் அது நாள் பூரா நிற்கிறது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். சப்பை மூக்கு 'பக்' நாய்க்கு அதுவும் சரியாக முடியாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. போய்ச் சொன்னால், "காலையிலேயே ரொப்பி வெச்சேனே மாமி!" என்கிறாள் அந்தப் பெண். தண்ணீரும், ஒதுங்க இடமும் தராமல் வளர்ப்பது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அவளுக்கு யார் சொல்வது?

எச்சில் சொட்டச் சொட்ட இரைத்து, ஈறு செக்கச்செவேலென்று சிவந்து, நடை தள்ளாடினால் வெப்பத் தாக்குதான். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101, 102 டிகிரி இருக்கும். 106ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிப் போங்கள். மாடித் தொட்டிக் குழாயில் வெந்நீராக வரும், அது வேண்டாம். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக் கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.