மின்சார இறவைக்குக் கணக்கு வேண்டும்

கவலை பூட்டி இறைத்த காலத்தில், ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்சும், வடம் எத்தனை மாதம் தாங்கும், சால் எங்கே ஒழுகுகின்றது என்பனவற்றை நம் குடியானவர்கள் மனக்கணக்காகவே அறிந்திருந்தனர். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா மின்சார நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மின்சார பம்புகள் பெருகின. பிற பகுதிகளுக்கும் நாளடைவில் பரவின. மாட்டின் உழைப்பு மிச்சமாயிற்று. ஆனால் அத்துடன் கணக்குப் பார்க்கும் வழக்கமும் ஒழிந்துவிட்டதாகவே காண்கின்றது. தம் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கின்றது என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

பம்புக் கொட்டகை ஒவ்வொன்றிலும் ஒரு வோல்ட் மீட்டரும் ஓர் ஆம்பியர் மீட்டரும் இருத்தல் வேண்டும். நிலத்துக்குடையவர் அவற்றைத் தாமே பார்த்துக் குறித்து வருதல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்குப் பெரிய படிப்பு அவசியமில்லை. வாய்க்காலின் சரிவு எப்படியோ அப்படியே வோல்ட். அதில் ஓடும் தண்ணீர் எப்படியோ அப்படியே ஆம்பியர். புல்லும் தூரும் நீரைத் தடுப்பதுபோல மின்சாரத்தைக் கம்பி தடுக்கும் அளவே ஓம். ஜெர்மனி தேசத்து ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி வாட் அளவில் கிடைக்கும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டியின் தடை 46 ஓம். சக்தி 1,150 வாட். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட்.

இக்கணக்கு முதலில் பயன்படுவது கம்பியில். கிணறு 100 மீட்டர் தூரத்தில் இருக்கின்றதென்றும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்திருப்பதாகவும் கொள்வோம். போக வர 200 மீட்டர். தடை சுமார் ஒன்றரை ஓம். ஒருமுனை மோட்டார் 8 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஏறக்குறைய 12 வோல்ட் குறையும். 96 வாட் கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் குறைவது 5 வோல்ட். வீணாவது 40 வாட். கம்பி வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் இவ்வாறு நாள்தோறும் கரைகின்றது.

ஆனால் ஓடும் மோட்டாருக்கு இக்கணக்கை அப்படியே பொருத்தலாகாது. அங்கே காந்த சக்தியும் எதிர்த்து நிற்பதால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது சுருளின் தடை அன்று. மும்முனை மோட்டாரின் சக்தியைக் காண, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, 1.732-ஆலும் பவர் பாக்டர் என்னும் எண்ணாலும் பெருக்குதல் வேண்டும். 415 வோல்ட், 7.5 ஆம்பியர், பவர் பாக்டர் 0.8 என்றால் சுமார் 4,300 வாட். ஒரு குதிரைச் சக்தி 746 வாட் ஆதலால், 5 குதிரைச் சக்தி மோட்டார் தரும் வேலை 3,730 வாட். எஞ்சியது பெரும்பாலும் உஷ்ணமாகின்றது.

வோல்ட் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுக்கும். சுருளின் உஷ்ணமோ ஆம்பியரின் வர்க்கப்படி ஏறும். 7.5 ஆம்பியர் 9 ஆனால் உஷ்ணம் 100-க்கு 44 பங்கு கூடும். காயில் எரிவதன் காரணம் பல இடங்களில் இதுவே. முள் வழக்கத்துக்கு மேல் ஏறினால் வோல்ட் குறைந்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது ஒரு முனை அற்றுப்போயிருக்கலாம். வழக்கத்துக்குக் கீழே இறங்கினால் கிணற்றில் நீர் வற்றிப் பம்பு வெறுமையாக ஓடக்கூடும். இவ்வாறு எச்சரிக்கும் கருவியைக் கவனியாது, பியூஸ் போனவுடன் தடித்த கம்பியைக் கட்டி ஓட்டுவது மோட்டாரையும் கொட்டகையையும் தீக்கு ஒப்புக்கொடுப்பதாகும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். கட்டணம் இல்லாததற்குக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். மின்சாரம் இலவசமாயினும் காயில் கட்டும் கூலி இலவசமன்று. நெல் கதிர் வாங்கும் பருவத்தில் பத்து நாள் நீர் இன்றிப் போனால் அந்நஷ்டத்தை எவரும் ஈடுசெய்யார். மேலும் டிரான்ஸ்பார்மர் பலருக்குப் பொதுவானது. ஒருவர் வீணே இழுக்கும் ஆம்பியர் அடுத்த கிணற்றுக்காரரின் வோல்ட்டைக் குறைக்கின்றது. தக்க அளவுள்ள கெபாசிட்டரை மாட்டினால் லைனில் ஓடும் ஆம்பியர் குறையும். அது தமக்கும் அயலாருக்கும் நன்மை.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "கரண்டு மந்தமாக இருக்கின்றது" என்ற மனுவுக்குப் பதில் கிடைப்பது அரிது. இன்ன தேதி, இன்ன மணி, இத்தனை வோல்ட், இத்தனை மோட்டார்கள் ஓடின என்று ஒரு மாதக் குறிப்பு இணைத்த மனுவை எந்த இன்ஜினீயரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய குறிப்பை டிரான்ஸ்பார்மர்தோறும் எழுதி வரச் செய்வது கிராமத்துக்குப் பேருதவியாகும்.

மீட்டர்களை லைசென்சு பெற்ற வயர்மேனைக் கொண்டே பொருத்துக. தாமே மூடியைத் திறக்க வேண்டா. புது மோட்டார் ஓடத் தொடங்கிய முதல் நாளில் காணும் வோல்ட்டையும் ஆம்பியரையும் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து வருக. மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கணக்காய் வைத்தவர்களுக்கு இது ஒரு சிரமமன்று.