பெயருக்கு ஓர் அறங்காவலரா?



"ஃபாதர், ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கிறார்களாம். பெயருக்கு ஒருத்தர் வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?" இக்கேள்வி இப்போது பங்குகளில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, ஊரில் நல்ல பெயரெடுத்த நெசவாளராகவோ இருப்பார். அழைப்பவர் சொந்தக்காரர் அல்லது அன்பியத்தில் பழகியவர் என்பதால் மறுக்கக் கூச்சம். காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரத்தில் தர்மகர்த்தா என்ற சொல்லுக்குத் தனி மரியாதையும் உண்டு. அந்த மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு வரலாறே பதில் சொல்கிறது.

பச்சையப்ப முதலியாரின் பெயரைக் காஞ்சியில் அறியாதவர் இல்லை. அவர் பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இங்கே கல்லூரிகள் உள்ளன. சென்னையில் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய அவர், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில், சிதம்பரம் முதலிய தலங்களில் அறப்பணிகள் நடக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்துவிட்டு 1794இல் காலமானார். உயில் தெளிவாக இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் அவர் விரும்பியபடி அறம் நடக்கவில்லை. பொறுப்பேற்றவர்களின் கைகளிலும் வழக்குகளிலும் பல பத்தாண்டுகள் கழிந்தன. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் விடாமல் முயன்றதால், அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் வழியாக நிதி மீட்கப்பட்டு, ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. சமய அறங்களுக்குப் போக மிஞ்சியதைக் கொண்டு 1842இல் பள்ளி திறக்கப்பட்டது. உயில் எழுதியவர் இறந்து 48 ஆண்டுகள்! இடையில் ஒரு தலைமுறை முழுவதும் வளர்ந்து முடிந்துவிட்டது. அதே அறக்கட்டளையின் நிர்வாகம் அண்மை ஆண்டுகளிலும் உயர்நீதிமன்றம் வரை சென்று, ஓய்வுபெற்ற நீதிபதிகளை இடைக்கால நிர்வாகிகளாக நியமிக்க வேண்டிய நிலை வந்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. கொடுத்தவர் இறந்துவிட்டார், அவரால் கணக்குக் கேட்க முடியாது. பெற வேண்டிய ஏழை மாணவனுக்குத் தன் பெயரில் இப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர்தான் அறங்காவலர். கேட்க ஆளில்லாத இடத்தில் நிற்பதே அவருடைய சோதனை.

நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கத்தில் பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத் தருகிறார்கள். சேலை திரும்பி வரும்போதும் தராசில் வைக்கிறார்கள். வீட்டுத் தறியில் கிடந்தாலும் அந்தப் பட்டு தன்னுடையது அல்ல என்பது நெய்பவருக்குத் தெரியும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது என்றாலும், அதன் நெறிகளைப் பொது அறக்கட்டளைகளுக்கும் நீதிமன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. அறக்கட்டளைச் சொத்திலிருந்து தனக்கு லாபம் தேடக்கூடாது. ஏற்றுக்கொண்ட பொறுப்பை நினைத்தபோது உதறிவிட முடியாது. உடன் அறங்காவலர் தவறு செய்வதை அறிந்தும் வாய்மூடி இருப்பவர் அதற்குப் பொறுப்பாளி ஆகிறார். "நான் பெயருக்குத்தான் இருந்தேன்" என்ற பதில் அங்கே எடுபடாது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. 2020இல் வந்த திருத்தத்தின்படி பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிற்குத்தான் வர வேண்டும்; அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தர இயலாது; நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; பொறுப்பாளர்கள் அடையாள ஆவணமும் கொடுக்க வேண்டும். இவ்விதிகளால் சிறிய தொண்டு அமைப்புகள் பல திணறுகின்றன என்பது உண்மை. அந்தக் குறையை உரக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருந்தால்தான் அக்குரலுக்கு வலு இருக்கும்.

திருச்சபைச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. கொடையாளரின் விருப்பத்தை மிகக் கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1300ஆம் எண். பொறுப்பேற்குமுன் உறுதிமொழி எடுக்கவும், சொத்துப் பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிடவும் 1283ஆம் எண் கேட்கிறது. மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்டச் சொல்கிறது 1287. (பங்குக் கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்கும் என்னைப் போன்ற குருக்களுக்கும் இது பொருந்தும்.) எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தூய பவுல் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் உடன் அழைத்துக்கொண்டார்.

ஆகவே, உங்களிடம் யாராவது கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர்கள் ஒதுங்கினால் அந்த நாற்காலி காலியாக இருக்கப்போவதில்லை. முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கூட்டம் எப்போது நடந்தது, தீர்மானப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, காசோலையில் எத்தனை பேர் கையொப்பமிடுகிறார்கள் என்று விசாரியுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள், கேட்பவர் சொந்த மைத்துனராக இருந்தாலும் சரி. ஒரு முடிவில் உடன்பாடு இல்லையென்றால், அந்த மறுப்பை அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்டதும் அழைத்தவரின் முகம் மாறுகிறதா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.