ஊதா மூடிக் குழாயும் ஒரு நொதியின் கதையும்

இல்லமும் விஞ்ஞானமும்



பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், குழந்தையின் கால் வளைகிறதோ என்றோ, பெரியவரின் கண் மஞ்சளாகிறதோ என்றோ ஐயம் தோன்றினால், மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். அங்கிருந்து வரும் தாளில் ‘அல்கலைன் பாஸ்படேஸ்’ என்றொரு வரி காணப்படும். எதிரே ஓர் எண் இருக்கும். அவ்வெண் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது வீண்போகாது.

நொதி என்பது உயிர்ப்பொருள்களில் நிகழும் இரசாயன வினையை விரைவுபடுத்தும் ஒரு புரதம். காரத் தன்மையுள்ள கரைசலில் சிறப்பாகத் தொழிற்படும் இந்த நொதியின் வேலை, ஒரு பொருளோடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி விடுவித்தலாகும். 1923-ஆம் ஆண்டில் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய ராபர்ட் ராபிசன், வளரும் எலும்பில் இத்தகைய நொதி இருப்பதைக் காட்டி, எலும்பு இறுகுவதற்கு இது துணைபுரிகிறது என்று எடுத்துரைத்தார். எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட் என்னும் பொருளை இந்த நொதி சிதைத்து வழிவிடுகிறது என்று இன்று அறிகிறோம்.

ஆயினும் புரதம் மட்டும் தனித்து நின்று இவ்வேலையைச் செய்துவிட முடியாது. 1991-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம், வைக்காஃப் என்னும் இருவர், ஈ.கோலி நுண்ணுயிரின் நொதியை எக்ஸ் கதிர் கொண்டு நுணுகி ஆராய்ந்து அதன் அமைப்பை விளக்கினர். வினை நிகழும் குழிவில் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மக்னீசிய அயனியும் அமர்ந்திருக்கின்றன. துத்தநாகம் இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு, ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறிட்டால் அவற்றுள் ஏறத்தாழ நான்கு கூறு மட்டுமே. நம் உடலின் நொதியிலும் இம்மூன்றும் இவ்வாறே அமைந்துள்ளன.

பாட்டிமார் கையாளும் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு துத்தநாகங்களும் அதன் இரு கைகளைப் போன்றவை. அவை பாஸ்பேட்டை நடுவே இறுகப் பற்றுகின்றன. அவற்றுள் ஒன்று, நொதியின் ‘ஸீரின்’ என்னும் உறுப்பைத் தூண்டி, பாஸ்பேட்டைத் தாவிப் பிடிக்கச் செய்கிறது. மற்றொன்று, வெட்டுண்டு விலகும் பகுதியைத் தாங்கிக் கொடுக்கிறது. பின்னர் அதுவே ஒரு நீர் மூலக்கூற்றை ஏவி, ஸீரினிடமிருந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது. மக்னீசியமோ இரு கைகளையும் இணைக்கும் ஆணியைப் போல் அமைப்பை நிலைநிறுத்தி, வேகத்தைக் கூட்டுகிறது. துத்தநாகத்தை அகற்றிவிட்டால் நொதி செயலிழக்கிறது. ஈ.கோலி நொதியில் அதனைத் திரும்பச் சேர்த்தவுடன் ஆற்றலும் மீள்கிறது.

இனி பாஸ்பேட்டின் செய்தி வியப்பானது. வெட்டி விடுவிக்கப்பட்ட பாஸ்பேட், உடனே வெளியேறாமல் அக்குழிவிலேயே ஒட்டிக்கொள்ள முயல்கிறது. பந்தியில் உண்டு முடித்தவர் இலையை விட்டு எழாவிடில் அடுத்தவர் எங்ஙனம் அமர்வார்? அதுபோலவே, பாஸ்பேட் மிகுந்தால் புதிய பொருளுக்கு இடமின்றி வினை தளர்கிறது. ஆதலால் இச்சோதனைக்குப் பாஸ்பேட் கலந்த கரைசல்களைப் பரிசோதனைச் சாலையினர் ஆளுவதில்லை. ஈ.கோலியும் இந்நிலையை உணர்ந்ததே போல, பாஸ்பேட் மலிந்திருக்கையில் நொதியைச் செய்வதைக் குறைத்து, பஞ்சம் நேர்கையில் மிகுதியாகச் செய்கிறது.

இவ்விஞ்ஞானம் நம் இல்லத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இரத்த அணுக்களை எண்ணுவதற்கான இரத்தம் ஊதா மூடியிட்ட குழாயில் எடுக்கப்படுகிறது. இரத்தம் உறையாதிருக்க அதனுள் இ.டி.டி.ஏ. என்னும் பொருள் வைக்கப்பட்டுள்ளது. அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உறைவதைத் தடுக்கிறது. அதே பிடியில் துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் கவர்ந்துவிடுகிறது. கைகளும் ஆணியும் பறிபோன பாக்குவெட்டி எதை வெட்டும்? அந்த இரத்தத்தில் இந்த நொதியை அளந்தால், உடலில் எவ்வளவு இருந்தபோதிலும் எண் மிகக் குறைவாகவே வரும். வெயில் புகாத குடியிருப்பில் வளர்ந்து, எலும்பு மெலிந்த குழந்தைக்கு இந்த எண் உயர்ந்திருக்க வேண்டும். பிழையான குழாயால் அது தாழ்ந்து காட்டினால், நோய் மறைந்துபோகும்; அல்லது இல்லாத வேறொரு நோயைத் தேடி அலைய நேரும்.

ஆகவே அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. ஒரே தாளில் இந்த நொதியும் கால்சியமும் மிகத் தாழ்ந்தும் பொட்டாசியம் மிக உயர்ந்தும் காணப்பட்டால், குழாய் மாறியிருக்கக்கூடும். அச்சங்கொள்ளுமுன் மருத்துவரிடம் கேட்டு, புதிதாக இரத்தம் எடுத்துப் பார்ப்பது நன்று. வளரும் பிள்ளைகளுக்கு இந்த எண் பெரியோரைவிட உயர்ந்திருப்பது இயல்பு. கருவுற்ற பெண்களுக்கும் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து இந்நொதி சுரப்பதால் அது ஏறும். எனவே நோயாளியின் வயதையும், கருவுற்றிருப்பின் அதனையும் தவறாது தெரிவித்தல் வேண்டும். மொழி புரியாத ஊரிலும் இவ்விரு செய்திகளைக் கூசாமல் சொல்லுங்கள். பழைய தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கண்ணுக்குப் புலனாகாத இரண்டு துளித் துத்தநாகம் ஒரு குழந்தையின் எலும்பை உறுதி செய்கிறது. அதனைச் சரியான குழாயில் காத்துக் கொடுப்பது பரிசோதனைச் சாலையின் கடமை. ஐயம் எழுந்தவிடத்துக் கேட்டறிவது நம் கடமை.