பூட்டனார் கையொப்பம்

நம் சங்கத்து உறுப்பினர் பலரிடமிருந்து அண்மைக் காலத்தில் ஒரே வகையான வினா வந்துகொண்டிருக்கின்றது. போலாரம், திருமலகிரி, அல்வால் முதலிய இடங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழும் நம்மவரின் பிள்ளைகள் வேலை நிமித்தம் அமெரிக்காவில் குடியேறியுள்ளனர். அங்கே அண்டை வீட்டார், தங்கள் குலத்து முதல் மனிதர் எப்போது வந்தார், எந்த நிலத்தை வாங்கினார், யாருக்கு என்ன எழுதி வைத்தார் என்பவற்றையெல்லாம் திரட்டி வைத்துப் பேசுவதைக் கேட்கின்றனர். உடனே, "நம் வீட்டில் முதன்முதலாகப் போலாரத்திற்கு வந்தவர் யார்? அவருடைய ஊர் எது?" என்று பெற்றோரைக் கேட்கின்றனர். பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். ஆதலால் இத்திங்கள் இப்பகுதியை அவ்வினாவுக்கே ஒதுக்கினோம்.

முதலில் அமெரிக்கர் செய்யும் முறையைச் சற்றே அறிந்துகொள்வோம். அவர்கள் குடிக்கணக்கு, நிலப் பத்திரம், உயில் ஆகிய மூன்றையும் சாட்சிகளாகக் கொள்கின்றனர். அந்நாட்டில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்படுகின்றது. தொடக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றையோர் வெறும் எண்ணிக்கையே. 1850இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் ஏறியது. எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அவ்வேடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் ஏடு 2022 ஏப்ரல் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆயினும் அங்கும் குறை இல்லாமல் இல்லை. 1890ஆம் ஆண்டின் ஏடுகளிற் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீயினால் நமக்குக் கிட்டாமற் போயிற்று. குடிக்கணக்கு மௌனமாகும் இடத்தில் நிலப் பத்திரம் பேசுகின்றது. அதுவும் பேசாத இடத்தில் உயில் பேசுகின்றது. ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல், மூன்றும் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பதே அவர்கள் முறையின் உயிர்நாடி.

இம்முறை நமக்குப் பொருந்துமா? பொருந்தும், ஆனால் வரிசை மாறும். அதை விளங்கிக்கொள்ள, நம்மவர் இங்கு வந்த வரலாற்றை நினைவுகூர வேண்டும்.

1798இல் ஹைதராபாத் நிஜாமுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கம்பெனியின் படை ஒன்று இங்கு நிலையாகத் தங்கிற்று. அப்படை தங்கிய இடத்திற்கு 1806இல் சிக்கந்தர் ஜா என்னும் நிஜாமின் பெயரால் சிகந்திராபாத் எனப் பெயர் வந்தது. "லஷ்கர்" என்று ஊரார் இன்றும் சொல்லும் அவ்விடத்தில் இருந்தது சென்னைப் படை. சென்னைப் படையின் சிப்பாய்கள் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர்கள். படைக்குப் பின்னே சமையற்காரர், தையற்காரர், வண்டிக்காரர், கணக்கர், கடைக்காரர் என ஓர் ஊரே நடந்து வந்தது. வாடியிலிருந்து சிகந்திராபாத்துக்குப் புகைவண்டி வந்தது 1874இல்தான்; அதற்குமுன் வந்தவர்களுக்குக் கால்களும் மாட்டுவண்டியுமே துணை. வந்தவர்கள் விரைவில் வேரூன்றினர். 1862இல் சிகந்திராபாத்தில் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது என்பதை நாம் அறிவோம்.

போலாரத்தின் கதை சற்று வேறு. அது நிஜாமின் செலவில் ஆங்கில அதிகாரிகளின் கீழ் இயங்கிய "ஹைதராபாத் கண்டிஞ்செண்ட்" என்னும் தனிப்படையின் தலைமையிடம். அப்படை 1903இல் இந்தியப் படையோடு கலந்துவிட்டது. இவ்வேற்றுமையை அன்பர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். உங்கள் முன்னோர் சென்னைப் படையைச் சார்ந்து வந்தவராயின், தேடவேண்டிய இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போலாரத்துப் படையைச் சார்ந்தவராயின், அதன் நிர்வாகம் ரெசிடெண்டின் கையில் இருந்தமையால், புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஹைதராபாத் ரெசிடென்சி ஏடுகளைப் பார்க்க வேண்டும். வாசற்படி தவறினால் ஆண்டுக்கணக்கில் தேடினும் பயனில்லை.

கடல் கடந்து சென்ற தமிழரின் நிலையை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து "துரூரோ" என்னும் கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஆளுக்கோர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் வரை எழுதப்பட்டன. அடிமைத்தளை போன்ற அவ்வாழ்வில் எழுதிய ஏடு, இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தாய்க்கிராமத்தின் வழியைக் காட்டுகின்றது. நம் பூட்டனாரோ எந்தத் துறைமுகத்தையும் கடக்கவில்லை. எவரும் அவரை நிறுத்தி ஊர் கேட்டு எழுதவில்லை. உரிமையோடு நடந்து வந்தவருக்கு ஏடு இல்லை.

குடிக்கணக்காவது உதவுமா? ஹைதராபாத் இராச்சியத்தில் முதற் குடிக்கணக்கு 1881இல் எடுக்கப்பட்டது. அச்சிட்ட அறிக்கைகளில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பது இருக்கும். அவர்தம் பெயர் இராது. வீடு வீடாக எழுதிய தாள்கள் எண்ணி முடித்தபின் பாதுகாக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டத்தின் 15ஆம் பிரிவும், தனியார் குறிப்புகளை எவரும் பார்வையிட இடந்தரவில்லை. ஆகவே அமெரிக்கர் முதலிற் புரட்டும் ஏடு நமக்கு இல்லையென்றே கொள்க.

இனி நிலத்துக்கு வருவோம். கண்டோன்மெண்டுக்கு உட்பட்ட வீடாயின், 1937ஆம் ஆண்டு விதிகளின்படி பேணப்பட்ட பொது நிலப் பதிவேட்டில் அதன் சர்வே எண், பரப்பு, அனுபவிப்பவர் பெயர், உரிமையின் தன்மை ஆகியவை இருக்கும். "பழைய மானியம்" என்னும் வகையில் கட்டடம் குடியிருப்பவருடையது, மண் அரசாங்கத்தினுடையது. கண்டோன்மெண்டுக்கு வெளியே, நிஜாமின் வருவாய்க் கிராமங்களில் இருந்த நிலமாயின், சேத்வார் என்னும் ஆதி அளவைக் கணக்கும், 1954–55ஆம் ஆண்டின் கஸ்ரா பஹாணியும் முதன்மையானவை. பட்டாதாரர் இறந்தால் வாரிசுகள் யாரென விசாரித்து முடிவு செய்வதற்கு "விராசத்" என்று பெயர். நாம் உயிலிற் காண விரும்பும் செய்தி, அதாவது தந்தைக்குப்பின் யார், அவருக்குப்பின் யார் என்னும் தொடர்ச்சி, இவ்விராசத்துக் காகிதங்களில் இருக்கும். தார்நாகாவில் உள்ள தெலங்கானா அரசு ஆவணக் காப்பகத்தில் நிஜாம் அரசின் பழைய ஏடுகள் பாரசீகத்திலும் உருதுவிலும் உள்ளன. இம்மொழி அறிந்த முதியவர் ஒருவரின் துணையை முன்னரே தேடிக்கொள்வது நலம்.

ஆயினும் நம்மவரிற் பெரும்பாலோர் இங்கு வந்த காலத்தில் நிலம் வாங்கும் நிலையில் இல்லை. படைவீட்டு வரிசையிலும் கடைத்தெருவிலும் வாடகைக்கு வாழ்ந்தவர்களே மிகுதி. அவர்களை எங்கே தேடுவது? இவ்விடத்தில்தான் நாம் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் கருத்து இருக்கின்றது. வந்தவரை வந்த ஊரில் மட்டும் தேடாதீர்கள்; விட்டுவந்த ஊரில் தேடுங்கள்.

ஒருவர் ஊரை விட்டு வந்தாலும், ஊரில் உள்ள குடும்பச் சொத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. தந்தை காலமானபின் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்தபோது, அல்லது விற்றபோது, போலாரத்தில் இருந்தவரின் கையொப்பமோ கைந்நாட்டோ இல்லாமல் அது முற்றுப்பெறாது. அவர் ஊருக்குப் போயிருப்பார். அல்லது அண்ணனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பியிருப்பார். அல்லது ஒரு தொகை பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். பத்திர எழுத்தர்கள் இன்னார் குமாரர், இன்ன ஊரில் வசிப்பவர், இன்ன தொழில் செய்பவர் என்று எழுதாமல் விடமாட்டார்கள். எந்தப் படை ஏட்டிலும் காணப்படாத ஒரு மனிதர், தம் தந்தை பெயரோடும் தொழிலோடும் அங்கே நிற்கக் கூடும். சென்னை மாகாணத்தில் 1864ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிப் பத்திரப் பதிவு முறை பரவிற்று. பதிவு அலுவலகத்தில் ஆட்பெயர் வரிசையில் ஓர் அட்டவணையும், சொத்து வரிசையில் ஓர் அட்டவணையும் உண்டு. கிராமத்தின் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால், வில்லங்கம் பார்ப்பது போலவே முன்னோரையும் பார்க்கலாம்.

உயிலைப் பற்றியும் ஒரு சொல். கூட்டுக் குடும்பச் சொத்து மைந்தருக்குத் தானே செல்லும் என்னும் வழக்கத்தால், இந்துக் குடும்பங்களில் உயில் அருமை. பாகப்பிரிவினைப் பத்திரமே அதன் இடத்தில் நிற்கின்றது. எனினும், சென்னை நகரத்தில் வீடோ மனையோ வைத்திருந்தவர் உயில் எழுதியிருப்பின், 1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டத்திற்குப் பின் அது சென்னை உயர்நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்த உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் எழுதப்படுகின்றன. எழுதியவர் காலமானபின் எவரும் அதன் நகலைக் கேட்டுப் பெறலாம். கிறிஸ்தவக் குடும்பத்தினர்க்கு இவற்றோடு கோயிற் பதிவேடும் துணை நிற்கும். போலாரத்தில் 1847இல் எழுந்த பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் போன்ற பழைய ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளையும் கல்லறைகளையும் பார்க்காமல் தேடலை முடிக்கலாகாது.

மூன்று எச்சரிக்கைகள் கூறுவோம். முதலாவது, ஊர்ப்பெயர். போலாரம் பழைய ஏடுகளில் பலவாறு எழுதப்பட்டுள்ளது. சங்காரெட்டி மாவட்டத்தில் தொழிற்சாலைகள் மிக்க பொல்லாரம் என வேறோர் ஊரும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளற்க. இரண்டாவது, ஆண்டு. பழைய காகிதங்களில் பசலி ஆண்டே காணப்படும். அதனோடு 590 கூட்டினால் அப்பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1330 என்றால் 1920இல் தொடங்கிய ஆண்டு. மூன்றாவது, ஆட்சி. சிகந்திராபாத்தின் குடிப்பகுதிகள் பல 1945இல்தான் பிரிட்டிஷ் நிர்வாகத்திலிருந்து நிஜாம் அரசிடம் திரும்பின. அதற்கு முந்திய வழக்குக் காகிதத்தை நிஜாமின் நீதிமன்ற ஏடுகளில் தேடுதல் வீண்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். ஓய்வூதியக் காகிதம், பள்ளிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, மொய்க் கணக்கு, பழைய அஞ்சலட்டை ஆகிய எதையும் குப்பையென எண்ணாதீர்கள். பிறகு வீட்டில் மூத்த பெண்மணியின் அருகில் அமருங்கள். பங்குப் பத்திரத்தில் மகளின் பெயர் பெரும்பாலும் இராது. 1951–52 பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலிலேயே, தம் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் இந்தியாவில் நீக்கப்பட்டன. ஏடு விட்டுவிட்ட அப்பெயர்கள் ஆச்சியரின் வாயில் இருக்கின்றன. எந்த ஊருக்கு முடியிறக்கப் போவார்கள், எந்தக் குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவார்கள், மஞ்சள்காணியாக எந்த நிலம் வந்தது என்று கேளுங்கள். குலதெய்வத்தின் ஊர் தெரிந்தால் பதிவு அலுவலகத்தின் ஊரும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் இருக்கும். ஆச்சி இருப்பார் என்று எவர் உறுதி கூற இயலும்?

இறுதியாக, தேடுவோர் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகள் பலவற்றில் பூட்டனார் சுபேதாராக இருந்தார் என்று சொல்வதுண்டு. பத்திரத்தைப் பார்க்கும்போது அவர் கூடாரம் அடிக்கும் லஸ்கராகவோ, துரை வீட்டுச் சமையற்காரராகவோ இருக்கக் கூடும். சாதிப்பெயர் வேறாக இருக்கக் கூடும். இரண்டாம் மனைவியொருத்தி தோன்றக் கூடும். அப்போது ஏட்டை மூடிவிட்டுப் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருப்பது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சுபேதாரின் பேரன் என்பதிலுள்ள பெருமையை விட, கூலிக்கு வந்து, வாடகை அறையில் வாழ்ந்து, மகனைப் பள்ளிக்கு அனுப்பிய ஒருவரின் பேரன் என்பதிலுள்ள பெருமை சிறிதும் குறைந்ததன்று. அம்மனிதர் எழுத்தறியாதவராகவும் இருக்கலாம். பத்திரத்தின் அடியில் அவர் வைத்த கைந்நாட்டைக் காணும் பேறு பெற்றவர்கள், அதை ஒரு படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து, குடும்பத்தார் அனைவர்க்கும் ஒரு பிரதி கொடுத்து வைப்பார்களாக.