புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்!

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது தா.பழூர்.

அங்கே ஒரு தாய், இரவு 8 மணிக்கு மருந்துக் கடைக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். இடுப்பிலே குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல்.

"டாக்டர் கொடுத்த மருந்து வீட்டில் இருக்கிறது, அண்ணே. எத்தனை மில்லி என்பது மறந்து விட்டது" என்கிறாள்.

கடைக்காரர் நினைவில் வந்ததைச் சொல்லலாமா?

கூடாது! புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான்கு மடங்கு!

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். இது சொட்டு மருந்தாகவும் வருகிறது, சிரப்பாகவும் வருகிறது.

சொட்டு மருந்தில், 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில், 5 மில்லியில் 125 மில்லிகிராம்தான். அதாவது, சொட்டு மருந்து நான்கு மடங்கு கடுமையானது!

சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், குழந்தையின் கல்லீரல் கெட்டுப் போகும்.

எந்தப் புத்தகம்?

ஏதோ ஒரு புத்தகம் இருந்தால் போதாது.

'இந்திய பார்மகோபியா' என்ற நூல், முதலில் 1955-ல் வெளிவந்தது. மருந்தின் தரம் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்பது என்று அது சொல்கிறது. மருந்து செய்பவருக்கு அது வேண்டும். தாயின் கேள்விக்கு அது போதாது.

'நேஷனல் பார்முலரி ஆப் இந்தியா' என்று வேறொரு நூல் உண்டு. முதல் பதிப்பு 1960-ல் வந்தது. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்த மருந்தோடு எது சேரக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடையில் இருக்க வேண்டியது இதுதான்.

கம்பெனி ஆட்கள் கொடுக்கும் விளம்பரத் தாளை நம்பலாமா? விற்க வந்தவர் தன் சரக்கைக் குறை சொல்வாரா?

பழைய பஞ்சாங்கம்

புத்தகம் புதியதாகவும் இருக்க வேண்டும்.

நிமெசுலைடு என்ற மருந்தை, ஒரு காலத்தில் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2011-ல் மத்திய அரசு தடை செய்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் அந்தத் தடை இருக்குமா?

கல்யாணத்துக்கு நாள் குறிக்க, இந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைத்தானே பார்க்கிறோம்? உயிரைக் காக்கும் மருந்துக்குப் பழைய புத்தகம் போதுமா?

வெட்கம் எதற்கு?

"புத்தகத்தைப் புரட்டினால், இவருக்குத் தொழில் தெரியாது என்று நினைப்பார்களே" எனச் சில கடைக்காரர்கள் கூசுகிறார்கள். கூச வேண்டாம். பார்த்துச் சொல்பவரே தொழில் தெரிந்தவர். மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ல் வந்த விதிகளும் சொல்கின்றன.

தாய்மார்களே! கடைக்குப் போகும்போது, வீட்டில் உள்ள மருந்துப் பாட்டிலையும் டாக்டர் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். பாட்டிலில் உள்ள எண்ணை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள்.

"புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அண்ணே" என்று கேளுங்கள். அவர் புத்தகத்தைப் புரட்டும் வரை காத்திருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். குழந்தையின் உயிரை விட அது பெரிதா?