நிறை குறைந்தது யாரால்?

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. ஆனால் தேயிலைச் செடி அவ்வளவு விரைவில் தேறவில்லை. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. டொலர் இல்லாமல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. நெருக்கடிக்குக் காரணங்கள் பல. ஆனாலும் டொலர் தேடித்தரும் கொழுந்து அந்த நேரம் பார்த்துக் குறைந்தது.

நமக்கு அடி இரண்டு தரம். சாமான் விலை ஏறியது ஒன்று. பசளை காணாத மலையில் நாள் முழுக்க நின்றாலும் நிறை சேராதது மற்றொன்று. நிறை சேராவிட்டால் அரைப் பேர். முடிவெடுத்தவர் ஒருவர், சம்பளம் இழந்தவர் இன்னொருவர்.

ஆகவே சம்பள உயர்வோடு இதையும் கேட்போம்: பசளை, கவ்வாத்து, மீள்நடுகை பற்றிய முடிவுகளில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் வேண்டும், மலையின் நிலைக்கேற்பவே நிறை கேட்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, எந்த மலைக்கு எப்போது பசளை போட்டார்கள், அன்றாடம் எவ்வளவு கொழுந்து வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். படிக்கிற பிள்ளைகள் உதவட்டும். பேச்சுவார்த்தைக்குக் கம்பனி கணக்கோடு வரும். நாமும் கணக்கோடு போவோம்.